சாக்குக் குடிசை

நாலாவது முளைக்குச்சியைப் பிடுங்கும்போது நல்லசிவத்துக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். நிமிர முடியவில்லை.

பொழுது அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. அவர் நின்ற இடம் கயிற்றுக் கம்பெனி மைதானம். கம்பெனி மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. மைதானம் என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். சகதியும் காட்டாமணக்கும்தான் அங்கே இருந்தன. அதற்கு ஊடே சிவப்புச் சாயம் பூசிய குச்சிகள் வரிசையாக நின்றன. முந்தின நாள் சாயந்தரம் சர்க்கார் ஆட்கள் அளந்து அடித்துவிட்டுப் போனவை.

பின்கட்டுச் சுவருக்கு மேலே அவர் மனைவி முப்பிடாதியின் தலை தெரிந்தது.

"என்னங்க, அங்க குனிஞ்சு என்னத்தத் தேடுதீங்க?"

"ஒண்ணும் தேடல. இடுப்பு பிடிச்சுக்கிட்டு. வந்து நிமித்தி விடு."

"சர்க்கார் சாமானைப் பிடுங்குனா அப்படித்தான் பிடிக்கும்."

வீடில்லாதவனுக்கு வீடு கட்டித் தருகிறேன் என்று அந்த வருஷம் சர்க்கார் கிளம்பியிருந்தது. கொச்சியில் மட்டாஞ்சேரிக் கால்வாய்க் கரையில் ஓலை மறைத்துக் கிடந்தவர்களுக்கு இந்த மைதானத்தில் காலனி என்று முடிவாகியிருந்தது. மைதானத்தை ஒட்டி இருந்தது ஏலக்காய்ச் சந்து. பெயர்தான் ஏலக்காய். நாறுவது கால்வாய். முழுச் சந்துக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். அதில் விடிகாலையில் கொஞ்ச நேரம் நூல் மாதிரி தண்ணீர் வரும். அதற்கு இன்னொரு கூட்டம் குடத்தோடு வந்து நின்றால் என்ன ஆகும் என்று குழாயடியில் முதலில் கேட்டவர் நல்லசிவம்.

"கண்ட இடத்துலேர்ந்து வந்தவனெல்லாம் குடியேறுவான்" என்றார் முப்பிடாதியிடம்.

"நாம மட்டும் இங்கயே முளைச்சோமா? திருநெல்வேலியிலேருந்து ஒத்தச் சாக்கோட வந்து இறங்குனோம். அன்னைக்கு இந்தச் சந்துக்காரங்க நம்மளப் பாத்து என்ன சொன்னாங்க?"

"அது வேற."

எப்படி வேறு என்று அவள் கேட்பதற்குள் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

பஜார் ரோட்டில் அவருக்குப் பழைய சாக்குக் கடை இருந்தது. மிளகும் சுக்கும் வந்து இறங்கிய சாக்குகளை வாங்கி, கிழிசல் தைத்து, மறுபடி விற்பார். எந்தச் சாக்கு வந்தாலும் முதலில் உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். மனுஷர்களிடமும் அதே பழக்கம்தான். யாரையும் நம்பியது கிடையாது.

முக்கியமாக, வீட்டுக்காரர் ராமபத்ரனை நம்பியதே கிடையாது. ராமபத்ரன் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்லசிவத்தை வீட்டை விட்டுக் கிளப்ப கோர்ட்டுக்குப் போய்த் தோற்று, மேல்கோர்ட்டுக்கும் போய்த் தோற்றிருந்தார். குடியிருக்கிறவனைக் கிளப்ப முடியாது என்று தீர்ப்பு. பழைய வீடு, பழைய வாடகை, சாகிறவரை இருந்துகொள்ளலாம். உலகத்தில் நல்லசிவத்துக்கென்று சொந்தமாக இருந்தது அந்தத் தீர்ப்பு ஒன்றுதான். வழக்கு நடந்த வருஷங்களில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தால் கால்வாய்ப் பக்கம் திரும்பித் துப்புவார்கள்.

காலனி வருகிறது என்றதும் துப்பல் நின்றது.

"ஓய், நீரா பிடுங்கினீர் குச்சியை?" என்று ராமபத்ரனே வீடு தேடி வந்து கேட்டார்.

"ஆமா சாமி."

"பேஷ். நல்ல காரியமாக்கும்."

நல்ல காரியத்தின் பலன் வெகு சீக்கிரம் வந்தது. குச்சி காணாமல் போனதால் சர்க்கார் ஆட்கள் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை ஒரு போலீஸ்காரரும் பழைய வரைபடமும் கூட வந்தன. முதலில் இருந்து அளந்தார்கள். அளந்ததில், ஏலக்காய்ச் சந்துக்காரர்கள் காலங்காலமாக மைதானத்துக்குள் சுவரைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பது தெரிந்தது. இந்தத் தடவை குச்சி இல்லை, கல்லே நட்டார்கள். காலனி முன்னைவிடப் பெரிதாயிற்று. நல்லசிவத்தின் கக்கூஸ் கல்லுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

"இனி நம்ம கக்கூஸுக்குப் போறதுக்குக் காலனிக்காரன்கிட்ட அனுமதி கேக்கணுமா?" என்றாள் முப்பிடாதி.

அன்றைக்குச் சாயந்தரம் ராமபத்ரன் வீட்டில் கூட்டம் கூடியது. சர்க்காருக்குப் பராதி, அதாவது புகார் மனு, எழுதுவது என்று தீர்மானம். ராமபத்ரன் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்.

"காலனி வேண்டாம்னு எழுதினா மதிக்க மாட்டா. அந்த இடம் மனுஷன் குடியிருக்கக் கொள்ளாததுன்னு எழுதணும். காரணம் சொல்லுங்கோ."

"மழைக்காலத்துல முழங்கால் தண்ணி நிக்கும்" என்றார் நல்லசிவம்.

"நிக்குமோ?"

"எழுதுங்க சாமி, நிக்கும். அப்புறம் பாம்பு."

"என்ன பாம்பு?"

"எல்லாப் பாம்பும் எழுதுங்க. கம்பெனிக்காரன் கயித்துக்குப் போட்ட சாயமெல்லாம் மண்ணுல ஊறிக் கிடக்கு. அதுல படுத்தா மேலெல்லாம் சொறி வரும். அதையும் போடுங்க."

குழாயடிக்குப் பக்கத்து வீட்டு லோகாம்பாள் மாமி, "அந்தக் கம்பெனியிலே ஒருத்தன் தூக்குப் போட்டுண்டானே, அவன் சாயங்காலமானா நடக்கறான்னு எழுதலாமோ?" என்றாள்.

"பிசாசைச் சர்க்கார் ஒத்துக்காது மாமி."

எழுதி முடித்ததும் ராமபத்ரன் காகிதத்தை நல்லசிவத்தின் பக்கம் நகர்த்தினார். "முதல் கையெழுத்து நீர் போடும். வீடு வைச்சிருக்கறவன் போட்டா சுயநலம்னு சொல்லுவா. வாடகைக்கு இருக்கறவன் போட்டாத்தான் பொது நன்மை."

நல்லசிவத்துக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனாலும் தன் பெயரைக் கோணல் இல்லாமல் எழுதுவார். பெரிதாக எழுதினார். மற்றவர்கள் அதற்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் நெருக்கிக்கொண்டு போட்டார்கள்.

எர்ணாகுளத்துக்குப் படகில் போய் ஆபீஸில் கொடுத்ததும் அவர்தான். அங்கே பியூன் செல்லப்பா தமிழ்க்காரன். அவன் தகப்பன் காலத்திலேயே கொச்சிக்கு வந்த குடும்பம்.

"அண்ணாச்சி கையெழுத்து கொள்ளாமே, நல்லா தேர் மாதிரி நிக்குதே. இது மேல போகும். எப்பன்னு மட்டும் கேக்காதீங்க" என்றான்.

கொஞ்ச நாளில் ஒரு ஆபீசர் நேரில் பார்க்க வருகிறார் என்று செல்லப்பா சொல்லி அனுப்பினான். சந்து கலங்கிப் போயிற்று. மைதானத்தில் முழங்கால் தண்ணீர் இல்லை. பாம்பும் இல்லை. எழுதியதையெல்லாம் அவசரமாக உண்டாக்க வேண்டியிருந்தது.

நல்லசிவம் கடையிலிருந்து சாக்குகளைக் கொண்டுவந்து மண் நிரப்பி, மைதானத்துத் தண்ணீர் வடிகிற ஓடையை அடைத்தார். வேலியேற்றத்தில், கடல் பொங்குகிற நேரத்தில், கரை தாண்டி ஏறிய கால்வாய்த் தண்ணீர் வடியாமல் மைதானத்தில் நின்றது. பாம்புக்குச் சங்கிலிப்பாண்டியைப் பிடித்தார். அவன் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ரோட்டுக்குத் தார் ஊற்றும் வேலைக்கு வந்தவன். கால்வாய்க் கரையில் குடிசை. காலனி வந்தால் அவனுக்கும் ஒரு வீடு உண்டு.

"பாம்பு எதுக்கு அண்ணாச்சி?"

"மருந்துக்குலே."

"சாரை போதுமா?"

"நீளமாப் பாத்துக் கொண்டா."

ஆபீசர் கால்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். பார்த்தார். ஒரு காகிதத்தில் என்னவோ குறித்தார். கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு போய்விட்டார். கூட வந்த செல்லப்பா மட்டும் நல்லசிவம் வீட்டில் உட்கார்ந்து சாயா குடித்துவிட்டு, "நல்ல காத்தோட்டமான வீடு அண்ணாச்சி, இதை விட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பாம்பு மைதானத்தில் தங்கவே இல்லை. அதற்கும் அந்த இடம் குடியிருக்கக் கொள்ளவில்லை போலும். லோகாம்பாள் மாமியின் விறகுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மாமி இரண்டு நாள் அடுப்பு மூட்டாமல் பச்சைத் தண்ணீரைக் குடித்துக் கிடந்தாள். ஓடையை அடைத்ததில் தண்ணீர் போக வழியில்லாமல் கக்கூஸ் வழியாகத் திரும்பி வந்து நல்லசிவத்தின் அடுக்களையில் நின்றது.

"முழங்கால் இல்ல, கணுக்கால்தான் வந்திருக்கு" என்றாள் முப்பிடாதி. "பராதியிலே திருத்தி எழுதச் சொல்லுங்க."

பராதிக்குப் பதிலே வரவில்லை. பதிலுக்கு ஒரு லாரி வந்து மைதானத்து ஓரமாக வெட்டுக்கல் இறக்கிவிட்டுப் போயிற்று. வீடு கட்டுகிற கல். சந்தே வாசலில் நின்று பார்த்தது.

"காகிதத்தை எலி தின்னிருக்கும்" என்றார் நல்லசிவம். "சர்க்காருக்குப் போன காகிதம் திரும்பி வந்து நான் பாத்ததில்ல."

ராமபத்ரன் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இன்னும் ஒரு வழி இருக்கு" என்றார். "குடிகிடப்பு."

"அப்படின்னா?"

"அடுத்தவா நிலத்திலே ஒருத்தன் குடிசை போட்டுண்டு வருஷக்கணக்கா இருக்கான்னு வைச்சுக்கோங்கோ. அவனை யாரும் கிளப்பப் படாது. சட்டமாக்கும். மைதானத்துக்கு நட்ட நடுவிலே அப்படி ஒரு குடிசை நின்னா, காலனிக்காரன் எங்கே கல்லு வைப்பான்?"

எல்லாருக்கும் முகம் தெளிந்தது. நல்லசிவத்துக்கு மட்டும் தெளியவில்லை.

"குடிசையை இன்னைக்கே போட்டுரலாம். உள்ள இருக்கது யாரு?"

"என் தம்பி பிள்ளை வெங்கிட்டு இருக்கானே" என்றாள் லோகாம்பாள். "சும்மாத்தானே இருக்கான்."

"சும்மா இருக்கவனுக்குக் குடிசை கிடைச்சா அப்புறம் சும்மா இருக்கமாட்டான் மாமி. நிலம் என்னோடதும்பான்."

"அந்தப் பாம்பு பிடிக்கற பையன்?"

"சங்கிலிப்பாண்டியா? அவன் ஒருத்தன் படுத்தா, காலை நீட்டுறதுக்குள்ள அவன் ஊரே வந்து படுத்துரும்."

இன்னும் நாலு பேர் சொன்னார்கள். நாலு பேரிடமும் நல்லசிவம் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். கடைசியில் ராமபத்ரன், சிரிக்காமல், "உம்மைத் தவிர யாரையும் நீர் நம்பமாட்டீர். அப்போ நீரேதான் இருக்கணும்" என்றார்.

அதுவரை அந்தச் சந்தில் யாரும் அவரை அவ்வளவு உயர்வாகப் பேசியதில்லை. நல்லசிவம் சரி என்றார்.

குடிசை ஒரே நாளில் எழுந்தது. நாலு கமுகு, மேலே ஓலை, சுற்றிலும் அவர் கடைச் சாக்கு. எல்லாம் மிளகுச் சாக்கு. உள்ளே நுழைந்தவன் முதலில் தும்முவான், பிறகுதான் பேசுவான். முப்பிடாதி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வர மறுத்தாள்.

"நான் வீட்டிலேயே இருக்கேன். நீங்க போய் ஊரைக் காப்பாத்துங்க. சோறு கொடுத்து விடுதேன்."

ராமபத்ரன் ஒரு சத்தியக் கடுதாசி எழுதிக்கொண்டு வந்தார். கம்பெனி நடந்த காலத்திலிருந்தே நல்லசிவம் இந்த மைதானத்துக் குடிசையில்தான் குடியிருக்கிறார், வேறு வீடு கிடையாது என்று அதில் இருந்தது. சந்து முழுக்கச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தது. சாட்சியில் முதல் ஆள் ராமபத்ரனே.

நல்லசிவம் வழக்கம்போல உள்ளே கையை விட்டுப் பார்த்தார்.

"வேற வீடு இல்லன்னு எதுக்கு சாமி?"

"வீடு இருக்கறவன் எப்படி ஓய் குடிகிடப்புக்காரன் ஆவான்? ரேஷன் கார்டையும் இந்த விலாசத்துக்கு மாத்திடும். அப்பத்தான் நிக்கும்."

"நீங்க எதுக்கு முதல்ல போட்டிருக்கீங்க? அன்னைக்கு வீட்டுக்காரன் போட்டா சுயநலம்னீங்களே?"

"அது பராதி. இது சாட்சி. சாட்சிக்கு வீட்டுக்காரன் கையெழுத்துத்தான் கனம்."

துழாவிப் பார்த்தவரைக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை. கையெழுத்துப் போட்டார். கார்டையும் மாற்றினார்.

காலனி வேலையைப் பார்க்கிற ஓவர்சியர் வந்தார். குடிசைக்குள் தலையை நீட்டினார்.

"நிங்கள் எத்தர வருஷமாயிட்டு—" என்று ஆரம்பித்துத் தும்மினார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடி தும்மினார். கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு கடுதாசியையும் ரேஷன் கார்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு வெளியே போனார். நல்லசிவம் ஜெயித்துவிட்டதாக நினைத்து ஒரு பீடி பற்றவைத்தார்.

அடுத்த வாரம் ஓவர்சியர் ஒரு கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு திரும்ப வந்தார். அவர் மலையாளத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: குடிகிடப்புக்காரரை யாரும் கிளப்பப் போவதில்லை. குடிசை எங்கே நிற்கிறதோ அங்கேயே, காலனியின் முதல் வீடு அவருக்கு. எல்லாம் சட்டப்படி.

"அப்ப காலனி?"

"காலனி உண்டல்லோ. சேட்டன்தன்னே ஒண்ணாம் நம்பர்."

இதைச் சொல்லி யோசனை கேட்க நல்லசிவம் சந்துக்கு ஓடினார். சந்தில், அம்மிக் கல்லின் மேல் முப்பிடாதி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பானை, சட்டி, பாய், ஒரு டிரங்குப் பெட்டி. வீட்டுக் கதவில் புதுப் பூட்டு. பூட்டுக்குப் பக்கத்தில் ராமபத்ரன்.

"சாமி, இது என்ன?"

"எது?"

"என் வீடு."

"உம்ம வீடு மைதானத்திலேன்னா இருக்கு. நானே சாட்சி சொல்லியிருக்கேனே."

"கோர்ட்டுத் தீர்ப்பு இருக்கு."

"இருக்கே. குடியிருக்கறவனைக் கிளப்பப் படாதுன்னு இருக்கு. நீர் இங்கே குடியிருக்கலைன்னு நீரேதான் சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்திருக்கீர்."

"அது பொய்யி. உங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சு என்ன? சர்க்கார்ட்டே போய்ச் சொல்லும். பொய்ச் சத்தியத்துக்கு உள்ளே தள்ளுவா. அங்கே வாடகை கிடையாதாக்கும்."

நல்லசிவம் சந்துக்காரர்களைப் பார்த்தார். சாட்சிக் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் அவரவர் வாசலில் நின்று கால்வாய்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முப்பிடாதி எழுந்து பானையை இடுப்பில் வைத்தாள். "எல்லாச் சாக்குக்குள்ளயும் கையை விட்டுப் பாப்பீங்க" என்றாள். "உங்களையே ஒருத்தன் சாக்குல போட்டுக் கட்டுறது தெரியல. அந்தப் பெட்டியத் தூக்குங்க."

குடிசைக்குள் நுழைந்து அவள் தும்மிய தும்மல் சந்துவரை கேட்டது.

மறுநாள் விடிகாலை குடத்தோடு குழாயடிக்குப் போனவர் வெறும் குடத்தோடு நின்றார். லோகாம்பாள் குழாய்க்கு முன்னால் வழி மறித்திருந்தாள்.

"காலனிக்காராளுக்கு இங்கே ஒரு குடம் வெள்ளம் கிடையாது."

"மாமி, நான் நல்லசிவம்."

"தெரியும். அதனாலதான் மெள்ளச் சொல்றேன்."

அவர் அதே குழாயடியில் அதே நியாயத்தைப் பேசி ஊரைக் கூட்டியவர். வெறும் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

அதற்குப் பிறகு நல்லசிவம் யோசித்துப் பார்த்தார். வீடு போயிற்று. இனிமேல் வீடு என்று ஒன்று வரவேண்டுமென்றால் அது காலனியிலிருந்துதான் வரவேண்டும். அன்றைக்கே அவர் ஏழைப் பங்காளர் ஆனார்.

நேரே கவுன்சிலர் வீட்டுக்குப் போனார். "பாவப்பட்ட ஜனங்க சார். கால்வாய்க் கரையிலே நாறிக் கிடக்காங்க. அவங்களும் மனுஷங்கதானே" என்றார். சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. கொஞ்சம் மிளகுத் தூள், மிச்சம் உண்மை.

"ஏலக்காய்ச் சந்துக்காருக்கு எதிர்ப்புண்டல்லோ?"

"அவங்களுக்கு மனுஷத்தன்மையே கிடையாது சார். நான் அவங்க நடுவுல இருந்தவன். எனக்குத் தெரியாதா?"

கால்வாய்க் கரை ஆட்களைத் திரட்டிக்கொண்டு கவுன்சிலர் வீட்டு வாசலுக்கும் பஜார் ரோட்டுக்கும் ஊர்வலம் போனார். முன்னால் அவர்தான் கோஷம் போட்டார். அவர்கள் முதலில் நம்பவில்லை. நேற்றுவரை தங்களைக் கள்ளன் என்று சொன்ன ஆள் இன்றைக்குத் தோழா என்கிறாரே என்று ஒதுங்கி நடந்தார்கள். சங்கிலிப்பாண்டி மட்டும் பக்கத்தில் வந்தான்.

"அண்ணாச்சி, அந்தப் பாம்பு மருந்துக்கு உதவுச்சா?"

"பேசாம கோஷம் போடுலே."

மழைக்காலம் வந்தது. ஓடையை அடைத்த மண் சாக்குகளை யாரும் எடுக்கவில்லை. அவை தண்ணீரில் ஊறி இறுகிப்போய், எடுக்கவும் முடியவில்லை. பராதியில் எழுதியதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து குடிசைக்குள் ஏறியது. முதலில் தண்ணீர் வந்தது, சரியாக முழங்கால் அளவுக்கு. அடுத்து பாம்பு. இது சாரை இல்லை. நல்லசிவத்துக்கு முதுகில் சொறி கண்டது.

முப்பிடாதி கட்டில் மேல் அடுப்பை வைத்துக் கஞ்சி காய்ச்சினாள். "அந்தத் தூக்குப் போட்டவன் ஒருத்தன்தான் பாக்கி" என்றாள். "நல்லவேளை, அவனை எழுதாம விட்டீங்க."

"பொறு. வீடு வந்துரும். ஒண்ணாம் நம்பர் வீடு. ஓடு போட்டது. குழாய் நம்ம வாசல்லதான் போடச் சொல்லியிருக்கேன்."

"நமக்கா?"

"காலனிக்கு. ஆனா நம்ம வாசல்ல."

மழை விட்டதும் காரியம் வேகமாக நடந்தது. சந்துக்காரர்கள் ஒரு கூட்டம் போட்டு எதிர்த்தார்கள். கவுன்சிலர் அவர்களை அதட்டி அனுப்பினார். ராமபத்ரன் அந்த வீட்டைப் புது வாடகைக்கு விட்ட சந்தோஷத்தில் கூட்டத்துக்கே வரவில்லை. எந்த ஆளுக்கு எந்த வீடு என்பதும் கவுன்சிலர் வீட்டில் வைத்து முடிவாயிற்று. அப்போது கால்வாய்க்கு அந்தக் கரையிலிருந்து இன்னும் சில குடும்பங்கள் வந்து, எங்களுக்கும் ஒரு மூலை கொடுங்கள் என்று கேட்டன.

நல்லசிவம் எழுந்து நின்றார்.

"அதெல்லாம் முடியாது சார். இருக்க குழாய் ஒண்ணு. இனி கண்ட இடத்துலேர்ந்து வர்றவனையெல்லாம் சேத்தா காலனியோட மரியாதை என்ன ஆகுறது?"

சங்கிலிப்பாண்டி அவரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு அவனும், "ஆமா சார், அண்ணாச்சி சொல்றதுதான் சரி" என்றான்.

முளையடிக்கிற நாள் வந்தது. ஓவர்சியர் காலையிலேயே வருவதாகச் சொல்லியிருந்தார். மைதானத்தில் கால்வாய்க் கரை ஜனம் முழுக்கக் கூடியிருந்தது. முப்பிடாதி தலை குளித்து, டிரங்குப் பெட்டியிலிருந்து நல்ல புடவை எடுத்துக் கட்டியிருந்தாள். ஒரு தேங்காய், கொஞ்சம் பூ. ஒண்ணாம் நம்பர் வீட்டுக்கு இடம் விட வேண்டும் என்று நல்லசிவம் அன்று காலையில்தான் குடிசையின் ஒரு பக்கத்துச் சாக்கை அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்தார்.

வெயில் ஏறியது. ஓவர்சியரைக் காணவில்லை.

"அவர் வர்றப்ப வரட்டும். நல்ல நேரம் போயிரக் கூடாது" என்று சொல்லி நல்லசிவம் ஒரு சிவப்புக் குச்சியையும் சுத்தியலையும் எடுத்தார். ஒரு காலத்தில் அவர் பிடுங்கி அடுப்புக்குப் போட்டது போக மிஞ்சியிருந்த குச்சி. தன் வீட்டு மூலையில் அதை ஊன்றி, குனிந்து, ஓங்கி அடித்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. குச்சியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

சந்துப் பக்கமிருந்து சைக்கிள் மணி கேட்டது. சகதியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பியூன் செல்லப்பா வந்தான். கையில் ஒரு காகிதம். சந்துக்காரர்கள் அவன் பின்னாலேயே சுவர்வரை வந்து நின்றார்கள். சைக்கிளை நிறுத்திவிட்டு நல்லசிவத்தைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"அண்ணாச்சி, இன்னமுமா குச்சி பிடுங்கிக்கிட்டிருக்கீங்க? விடுங்க, இனி அது வேண்டாம். நீங்க ஜெயிச்சாச்சு."

நல்லசிவம் குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கினார். முப்பிடாதியின் கையில் தேங்காய் அப்படியே நின்றது.

செல்லப்பா காகிதத்தை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தான்.

"உங்க பராதி மேல போயி பாஸாயாச்சு. இது மனுஷன் குடியிருக்கக் கொள்ளாத இடம்னு நீங்க எழுதுன ஒவ்வொரு வார்த்தையையும் சர்க்கார் சம்மதிச்சு, காலனியை ரத்து பண்ணியாச்சு. பாக்கி ஒண்ணே ஒண்ணுதான், இந்த இடத்துல எவனோ ஒருத்தன் சாக்கைக் கட்டிக்கிட்டுக் குடியிருக்கானாம், அவன் உசிருக்கு ஆபத்துன்னு இன்னைக்கே இங்கேருந்து வெளிய எறக்கி விடச் சொல்லி ஆர்டர். யாரு அண்ணாச்சி அந்த ஆளு?"